கால் ஊணாமல்

மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுவது ஒரு வித்தையே இல்லை. ஓடுகிற வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். மெதுவாக ஓட்டுவதுதான் வித்தை. ஆள் நடக்கிற வேகத்தில், மணிக்கு நாலு அஞ்சு கிலோமீட்டரில், காலைக் கீழே ஊணாமல், உறுமாமல், குலுக்காமல், எஞ்சின் அணையாமல் ஒரு தெருவைக் கடந்து பாருங்கள். அப்போது தெரியும். லைசென்ஸ் வாங்கப் போனவர்கள் எல்லாரும் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு தடவை எட்டுப் போட்டிருப்பார்கள். கால் ஊணினால் பெயில். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அந்த எட்டை மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது பரீட்சை. எங்களுக்கு அது தெரு.

எங்க ஊர் லால்குடிப் பக்கம். வாய்க்கால் பாசனம், நெல்லு, வாழை. ஊரைத் தாண்டித்தான் காலனி. காலனிக்குப் போக வேற ரோடு கிடையாது. பிள்ளையார் கோயில்ல ஆரம்பிச்சு ரேஷன் கடை வரைக்கும் ஊர்த்தெரு. இருநூறு மீட்டர் இருக்கும். எங்கப்பா வாழை இலைக்கட்டை சைக்கிள்ல கட்டிக்கிட்டு விடியக்காலை மூணு மணிக்கு காந்தி மார்க்கெட்டுக்குப் போவார். போகும்போது இருட்டு, ஊரு தூங்கும். திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும். பிள்ளையார் கோயிலுக்கு முன்னாடியே சைக்கிள விட்டு இறங்குவார். தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்குவார். செருப்பைக் கழட்டி ஹேண்டில்பார்ல மாட்டுவார். அப்புறம் உருட்டிக்கிட்டு நடப்பார். நான் முன்னால பார்ல உட்கார்ந்திருப்பேன். என்னையும் இறக்கி விட்டுருவார். ஏழு வயசுல ஒருநாள், "ஏப்பா இறங்குற?"ன்னு கேட்டேன். "மிதிச்சு மிதிச்சு கால் மரத்துப் போச்சுடா. கொஞ்சம் நடந்தா தேவல"ன்னார். ரேஷன் கடை தாண்டினதும் அதே கால் மறுபடியும் மிதிக்கும். பிள்ளைக்கு முன்னாடி அவமானத்தை மறைக்க எங்கப்பன் கண்டுபிடிச்ச பொய் அது. சாகிற வரைக்கும் அதை மாத்தி அவர் சொல்லவே இல்லை.

இறங்கிப் போகணும்னு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்ததெல்லாம் அதற்கு நேர்மாறு. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெருவில் எவரும் நடக்கலாம், பொதுக்கிணற்றில் எவரும் தண்ணீர் எடுக்கலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே போராட்டம் நடந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தபோது அதில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பதும் அதே வரிசையில் வருகிறது. நாடு சுதந்திரமடைந்து ஏறக்குறைய எழுபது வருசம் ஆன பிறகு, ஒரு சட்டத்தில் 'மோட்டார் சைக்கிள்' என்ற வார்த்தையை இந்தக் காரணத்துக்காக எழுத வேண்டி இருந்திருக்கிறது என்றால், எத்தனை பேர் இறங்கி உருட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டியை யார் ஓட்டுவது என்பதே நம் நாட்டில் சாதிக் கேள்வி. அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்குத் தெரியும். 1901-இல், சின்னப் பையனாக இருந்தபோது, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி அப்பாவைப் பார்க்கப் போகிறார். தீண்டப்படாத பிள்ளைகளுக்கு எந்த வண்டிக்காரனும் வண்டி ஓட்ட வரவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டைப் பிடித்து ஓட்ட வேண்டியிருந்தது. வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வந்தான். 1929-இல் சாளிஸ்காவ் என்ற ஊரில் இன்னொரு சம்பவம். அப்போது அவர் பாரிஸ்டர், அரசாங்கக் கமிட்டியின் உறுப்பினர். அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று குதிரைவண்டிக்காரன் மறுத்துவிட்டான். அந்த ஊர் மகர் மக்கள், தங்கள் தலைவர் நடந்து வரக்கூடாது என்று வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, தங்களில் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. ஒரு பாலத்தில் சக்கரம் சிக்கி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. அந்த மனுசர்மேல் எனக்குக் கோபம் வராது. ஓட்டிப் பழக ஒரு வண்டியை அவர் கையில் இந்த ஊர் எப்போது கொடுத்தது? நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நம்ம வண்டியை நாமே ஓட்டணும், நன்றாக ஓட்டணும்.

பத்தாவது முடிச்சதும் 1993-இல் பாலக்கரையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பட்டறை ஒரு முஸ்லிம் பெரியவருடையது. எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவோம். புல்லட் வேலையில் கெட்டிக்காரர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்து, திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்த வண்டி புல்லட். முதலில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. அப்புறம் பண்ணைக்காரர்களிடம் வந்தது. எங்க ஊரில் அந்த 'டுப் டுப்' சத்தம் கேட்டால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற எங்காளுங்க எழுந்து நிற்பார்கள். வருவது இன்ஸ்பெக்டராக இருக்கும், இல்லையென்றால் பண்ணை. அந்தச் சத்தத்தை நான் கையாலே அவிழ்த்துப் பார்த்தேன். பிஸ்டனும் வால்வும் ராக்கரும்தான் இருந்தது. சாதி எதுவும் உள்ளே இல்லை.

மெதுவாக ஓட்டுவதைக் கற்றுக்கொடுத்தவர் பாய்தான். கஸ்டமரிடம் வண்டியைக் கொடுக்கும் முன் கடைச் சந்தில் நடை வேகத்தில் ஓட்டிக் காட்டணும் என்பார். வேகமாய்ப் போகும்போது ஒளிந்திருக்கிற கோளாறு எல்லாம் மெதுவாய்ப் போகும்போது வெளியே வந்துவிடும். செயின் தொய்ந்திருந்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடாமல் இருந்தால் திடீரென்று பிடிக்கும். பாயின்ட் இடைவெளி சரியில்லை என்றாலும், டைமிங்கை முன்னே தள்ளுகிற சின்ன ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோனாலும், ஐடிலில் எஞ்சின் தடுமாறும். பழைய 350 புல்லட்டின் எஞ்சின் 346 சிசி. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பிஸ்டன் நீளமாய் ஏறி இறங்கும். உள்ளே கனமான ஃபிளைவீல். அதனால் மெதுவாய்ச் சுற்றினாலும் அது சட்டென்று சாகாது. மெதுவாய்ப் போவதற்கென்றே பெத்த வண்டி.

பாய் சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு உதவும். கிளட்ச்சை முழுசாய் விடாதே, முழுசாய்ப் பிடிக்காதே. நடுவில் ஒரு இடம் இருக்கு. தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கிட்டு, வண்டி நகரலாமா வேண்டாமான்னு யோசிக்கிற இடம். கை அங்கேயே இருக்கணும். ஆக்சிலேட்டரை லேசாய்த் திருகி ஒரே நிலையில் வை. அதை ஏத்தி இறக்கி விளையாடாதே. பின் பிரேக்கைத் தொட்டுக்கிட்டே இரு. அப்போது புல்லட்டில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். முன் பிரேக் பக்கமே போகாதே. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடிச்சால் வண்டி அந்தப் பக்கமே படுத்துடும். முட்டி ரெண்டும் டேங்க்கை அணைச்சு இருக்கணும், தோளும் கையும் இளக்கமாய் இருக்கணும். ரொம்ப நேரம் கிளட்ச்சை இழுத்தால் தட்டு சூடாகி வழுக்கும், நடுவில் கொஞ்சம் மூச்சு விடு. எல்லாத்துக்கும் மேல, முன் சக்கரத்தைப் பார்க்காதே. போகவேண்டிய இடத்தைப் பார். "தலை குனிஞ்சா வண்டி விழுந்துரும் தம்பி" என்பார். அவர் வண்டிக்குச் சொன்னார். எங்கப்பா நடந்த அந்த இருநூறு மீட்டர்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பழகினது ஸ்ரீரங்கத்தில். பாய்க்கு அங்கே நாலைந்து புல்லட் கஸ்டமர்கள். வேலை முடிந்த வண்டியைக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குள்ளே ஊர் இருக்கிறது. ஏழு பிராகாரத்தில் வெளிப்பிராகாரங்கள் வீடுகள் நிறைந்த தெருக்கள்: அடையவளைந்தான், சித்திரை வீதி, உத்திர வீதி. காலையில் வாசலை அடைச்சுக் கோலம் போட்டிருப்பார்கள். மாடு நிற்கும், பூக்காரி கூடை இருக்கும், வெளியூர்ச் சனம் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தபடி நடுத்தெருவில் நடக்கும். அங்கே வேகம் செல்லாது. கோலத்துக்கும் மாட்டுக்கும் நடுவில் நூல் பிடிச்ச மாதிரி வண்டியைக் கொண்டுபோகணும். ஒருநாள் ஒரு வீட்டுப் பாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கோலத்தை மிதிக்காம என்ன அழகா ஓட்டறான் பாரு" என்றாள். எனக்குச் சந்தோசமாய்த்தான் இருந்தது. அடுத்த நிமிசமே, "ஏண்டாப்பா, நீ எந்தத் தெரு?" என்றாள். பாலக்கரை என்றேன். "அது சரி, சொந்த ஊர்ல எந்தத் தெரு?" எட்டுப் போடத் தெரிந்தவனையும் இந்தக் கேள்வி விடாது. "காலனித் தெரு பாட்டி" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினேன்.

சித்திரைத் தேர் சித்திரை வீதியில் வரும்போது கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வடம் பிடிக்க ஆயிரம் கை, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட வியர்த்துக் கொட்டுகிற ஆட்கள். அவ்வளவு பாடும் எதற்கு? உட்கார்ந்திருப்பவர் மெதுவாகப் போவதற்கு. ராசா ஊர்வலமும் அப்படித்தான், மாப்பிள்ளை ஊர்வலமும் அப்படித்தான். மெதுவாய்ப் போவது எசமானனின் நடை. நம்மளைப் பார்த்து எப்போதும் சொன்னது, "ஓடிட்டு வாடா". வயலுக்கு ஓடு, கடைக்கு ஓடு, சாவு சொல்ல ஓடு. ஊர்த்தெருவில் உட்கார்ந்தபடி, நிதானமாய், நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு போகிற உரிமையை மட்டும் தரவில்லை.

அந்த ஊர்க் கதை ஒன்றும் இங்கே சொல்லணும். திருப்பாணாழ்வார் உறையூரில் பாணர் குலத்தவர். பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒருவர். காவிரிக் கரையில் நின்றுதான் அரங்கனைப் பாடுவார். உள்ளே போகமாட்டார். பெருமாளுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்கிறார். பாட்டில் மூழ்கியிருந்தவர் காதில் விழவில்லை. கல்லெடுத்து அடிக்கிறார். ரத்தம் வருகிறது. கோயிலில் பெருமாள் நெற்றியிலும் ரத்தம். அன்றிரவு கனவில், அவனை உன் தோளில் சுமந்து வா என்கிறார் பெருமாள். சுமந்து போகிறார். அதனால் பாணருக்கு 'முனிவாகனர்' என்று பெயர். பக்தியின் பெருமை, சமத்துவம் என்று இதைக் காலமெல்லாம் சொல்கிறார்கள். நான் வண்டிக்காரன், எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அடித்தவன் வாகனமானான், சரி. ஆனால் பாணர் அந்தத் தெருவில் தன் காலால் நடந்தாரா? இல்லை. கால் தரையில் படாமல்தான் உள்ளே போக முடிந்தது. போனவர் பெருமாளோடு கலந்துவிட்டார் என்று கதை முடிகிறது. அவர் அதே தெரு வழியாக உறையூருக்குத் திரும்பி வந்ததாகக் கதை இல்லை. அவருக்குப் பின்னால் வந்த பாணர்கள் யாரும் அந்தத் தெருவில் நடந்ததாகவும் கதை இல்லை. ஒருத்தரைத் தூக்கிப்போவது எளிது. தெருவைத் திறந்துவிடுவதுதான் கஷ்டம். அடுத்தவன் தோள் நமக்கு வேண்டாம். நம் கால் ஊணாமல் போனால் அது நம்ம கிளட்ச் கையின் பலத்தில் இருக்கட்டும்.

2004-இல் போலீஸ் ஏலத்தில் கழிச்சுக்கட்டின பழைய புல்லட் ஒன்றை எடுத்தேன். புல்லட்டை மாத்திக் கட்டுறவர்கள் முதலில் சைலன்சரைத்தான் மாத்துவார்கள். சத்தம் தெரு அதிரணும். நான் சைலன்சரைத் தொடவில்லை. சேஸிஸ், எஞ்சின் எதையும் தொடவில்லை. கம்பெனி செய்த அமைப்பை மாத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு இருக்கு. நம்மைப் பிடிக்க அது ஒன்று போதும். நான் செய்ததெல்லாம் மெதுவாய்ப் போவதற்காகச் செய்த சின்னச் சின்ன வேலை. முன் பல்சக்கரத்தில் 17 பல் இருந்தது, 16 பல் போட்டேன். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறையும், இழுவை கூடும். டைமிங் ஸ்பிரிங் புதுசு, கேபிள் எல்லாம் புதுசு. பின் சக்கரத்து டிரம் ரப்பரை மாத்தினேன். வெட்டு நின்றது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் அகலமாய்ப் போட்டேன். சீட்டை ஒரு அங்குலம் தாழ்த்தினேன். எங்கம்மாவுக்கு முட்டி வலி, ஒருபக்கமாய்த்தான் உட்கார முடியும். அதனால் இடது பக்கம் சேலை சிக்காமல் கம்பி, ரெண்டு காலும் வைக்க அகலமான தகடு, பிடிச்சுக்க ஒரு கைப்பிடி. ஒருபக்கமாய் ஆள் உட்கார்ந்தால் எடை முழுக்க இடது பக்கம் போகும். ஓட்டுகிறவன் அந்த அளவுக்கு வலது பக்கம் சாய்ந்து உட்காரணும். அம்மாவை வைத்துத் திருச்சியில் ஒரு மாசம் பழகினேன். எதுக்குடா இப்படி எறும்பு மாதிரி ஊர்ற என்று கேட்டது. சொல்லவில்லை.

2006 பொங்கலுக்கு அம்மாவை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பிள்ளையார் கோயில் வந்தது. பின்னால் அம்மா, "தம்பி, இறங்கிக்கவா?" என்றது. "உக்காரும்மா" என்றேன். முதல் கியர். கை அந்த இடத்தில் நின்றது. வேகமாய்ப் போயிருக்கலாம். இருபது செகண்டில் தாண்டிடலாம். நம்ம பையன்கள் சில பேர் அப்படித்தான் முறுக்கிக்கிட்டுப் பறப்பார்கள். அது ஓடிட்டு வாடா என்பதன் இன்னொரு ரூபம். அதோடு, வேகமாய்ப் போனால் ஒரு கோழி செத்துக் கிடந்தாலும் கேசு நம்மமேல். நான் இருநூறு மீட்டரையும் ரெண்டரை நிமிசத்தில் கடந்தேன். ஊர்ப் பொடிசுகள் பக்கத்தில் நடந்தே வண்டியை முந்தினார்கள். ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தவர் காலை நீட்டித் தெருவை அடைத்தார். "எறங்கி உருட்டிட்டுப் போடா" என்றார். நான் ஹார்ன் அடிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. பின் பிரேக்கை அழுத்தி, கிளட்ச்சை இழுத்து, வண்டி நின்றதா நகர்ந்ததா என்று தெரியாத அளவுக்கு ஊர்ந்துக்கிட்டே இருந்தேன். எஞ்சின் ஒரு அடி, ஒரு அடியாய் எண்ணிக்கிட்டு இருந்தது. கால் ஊணினால் இறங்கினதாய் ஆயிடும். அவர் கண்ணைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே காலை மடக்கிக்கிட்டார்.

ரேஷன் கடை தாண்டினதும் அம்மா தோளைத் தொட்டது. "செருப்பக் கழட்டல சாமி" என்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு நடந்த மனுசி. தகட்டின்மேல் ரெண்டு காலிலும் செருப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் பெரிய மனுசங்க எங்க தெருவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பையன் கண்மண் தெரியாம ஓட்டினான், பிள்ளைகள் மேல ஏத்தப் பார்த்தான், ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கப் போறோம் என்று. சொன்னதைக் கேட்டு எங்க பெரியப்பா, "உங்க வீட்டுப் பிள்ளைங்கதான் நடந்து முந்திப் போச்சுங்களாமே, அதுங்களையே கேளுங்க" என்றார். 'ஆண்ட' போடாமல் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். புகார் போகவில்லை. அதற்கப்புறம் எங்க தெருவில் மூணு டிவிஎஸ் வண்டி இறங்காமல் வர ஆரம்பித்தது. எல்லாருக்கும் அப்படி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில கிழவர்கள் இன்னும் இறங்குகிறார்கள்.

மெதுவாய்ப் போனால் நம்மை விட்டுவிடுவார்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2025 பிப்ரவரி 12-இல் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், கல்லூரியில் படிக்கிற தலித் மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். எங்க முன்னாடி புல்லட் ஓட்டுவியா என்று சொல்லி வெட்டியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். மூன்று பேர் கைதானார்கள், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தப் பையன் வேகமாய்ப் போனானா மெதுவாய்ப் போனானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது கேள்வியே இல்லை. கிளட்ச் பிடிக்கிற கையையும் ஆக்சிலேட்டர் திருகுகிற கையையும் குறிவைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அவர்களுக்குக் கோபம் வண்டிமேல் இல்லை. உட்கார்ந்தபடி வருகிறான் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது பட்டறைக்குப் பக்கத்துக் காலி மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கத்துக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. பொம்பளைப் பிள்ளைகளும் வருகிறார்கள். சுண்ணாம்பில் எட்டுப் போட்டு, முதல் நாளே சொல்லிவிடுவேன்: வேகம் பிறகு, முதலில் நடை. வன்கொடுமைச் சட்டத்தின் அந்த வரியைத் தமிழில் ஒரு தாளில் எழுதி லைசென்சோடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். கேஸ் என்று வந்தால் ஸ்டேஷனுக்குத் தனியாய்ப் போகாதே, இயக்கத் தோழர்கள் நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போ என்பேன். போன வாரம் ஒரு பிள்ளை பழைய புல்லட்டில் எட்டை நாலு தடவை கால் ஊணாமல் சுத்தியது. இறங்கி வந்து, "அண்ணே, எங்க ஊர்த்தெரு இதவிடக் குறுகல். நடுவுல மாடு வேற கட்டியிருப்பாங்க" என்றது. எட்டைக் கொஞ்சம் சின்னதாய் அழித்துப் போட்டேன், நடுவில் ஒரு பழைய டயரை வைத்தேன். மறுபடி ஏறச் சொன்னேன்.